சொல்வதை எழுதுபவர்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுகிறேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
போன வாரம் இயற்பியலில்
நானும் இங்கேதான் நின்றேன்.

என் பெயர் நப்பின்னை.
வருகைப் பதிவேட்டில் பதினேழு.
கோச்சிங்கில், கறுப்புப் பேனாவால் நிரப்பிய எட்டு வட்டங்கள்.
வீட்டில் பாப்பா.
கடன் கேட்க வரும் சித்தப்பாவுக்கு மட்டும் டாக்டரம்மா.
இத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு ஏறினாலும்
ஷேர் ஆட்டோவில் ஓர் ஆளுக்குத்தான் காசு தருகிறேன்.

உலகத்தை மாற்ற நீ என்ன செய்வாய் என்று
இங்கிலீஷ் மிஸ் இருநூறு வார்த்தையில் கேட்டார்.
மரம் நடுவேன் என்று எழுதினேன்.
பத்துக்கு எட்டு.
எங்கள் தெருவில் மரம் நட
ஒரு சாண் மண்ணும் இல்லை என்பதையும் எழுதியிருந்தால்
ஆறுதான் வந்திருக்கும்.

இன்று காலை பெலிசித்தா அக்காவுக்குப் பரீட்சை.
நான் அவர் கை.
பி.ஏ. வரலாறு, இரண்டாம் முறை அரியர்.
சொல்வதை எழுதுபவர்
தேர்வு எழுதுபவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும்,
அது விதி.
குறைவாக இருப்பதே தகுதி என்று
என்னை உள்ளே விட்ட முதல் வாசல்.

கண்காணிப்பாளர் என் முகத்தையும்
படிவத்தில் ஒட்டிய போட்டோவையும்
மாறி மாறிப் பார்த்தார்.
நானும் தினமும் அப்படித்தான் பார்க்கிறேன் சார்,
உறுதியாகச் சொல்ல முடியவில்லை.
இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாடிப்படிக்குக் கீழே தனி அறை.
கால் உடைந்த பெஞ்சுகள், முனகும் ஃபேன்.
கேள்வியை வாசித்தேன்.
அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்து
மேசைமேல் விரலால் எதையோ வரைந்துவிட்டு
சொல்லத் தொடங்கினார்.
கமா. முற்றுப்புள்ளி. புதுப் பத்தி.
தலைப்புக்கு அடிக்கோடு, ஸ்கேல் வச்சுப் போடு.
தான் பார்க்கப்போகாத கோடு
நேராக இருக்க வேண்டும் அவருக்கு.

நான்காவது கேள்வி, வேலூர்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு.
எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும்.
அவர் எட்டு என்றார்.

பேனா நின்றது.
ஒரே ஓர் எண். ஒரு சின்ன வளைவு.
கண்காணிப்பாளர் போனில் இருந்தார்.
நல்லது செய்வது இவ்வளவு சுலபமா?
மரம்கூட வேண்டாம், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

"எழுதிட்டியா?"
பேனா எழுப்பாத சத்தம்
அவருக்குக் கேட்டுவிட்டது.
"நான் சொன்னத எழுது நப்பின்னை.
தப்புன்னா அது என் தப்பு."

எட்டு என்று எழுதினேன்.
மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி,
கை வலித்தது.

வெளியே வந்து லெமன் சோடா வாங்கித் தந்தார்.
நோட்டின் நீளத்தை விரலில் அளந்து
கடைக்காரரிடம் நீட்டியபடியே,
"வருஷம் தப்புதான?
நீ மூச்ச நிறுத்தினப்பவே தெரிஞ்சிச்சு.
அப்புறம் மாத்துனா, நீ சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார்.
ஏப்பம் விட்டுச் சிரித்தார்.

இருபத்திரண்டு பக்கம் என் கையெழுத்து.
ஒரு வரியும் என்னுடையது இல்லை.
பள்ளியில் நான் எழுதுவதும் அப்படித்தான்,
நோட்ஸ் சொன்னது, கைடு சொன்னது,
அடிக்கோடு உட்பட.
ஆனால் அங்கே யாரும்
இது என் தப்பு என்று வாங்கிக்கொள்வதில்லை.
நான்கூட.

அடுத்த பேப்பர் பதினாலாம் தேதி, வர்றியா என்றார்.
பதினாலு கோச்சிங்கில் மாதிரித் தேர்வு.
சரி என்று சொல்லிவிட்டேன்.
அம்மாவிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது,
அப்பா முதலில் கட்டிய பணத்தைச் சொல்வாரா,
சொன்னால் நான் என்ன

ரயில் போய்க்கொண்டே இருக்கிறது.
எண்ணிக்கை விட்டுப்போச்சு.
நடுவிரலில் மை,
துடைக்கத் தோன்றவில்லை.