ஏழாம் அறை

கருங்கலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்.
ஜெனரேட்டருக்கும் எனக்கும் ஒரே சுவர்.
குளிர்பெட்டி நாலு. இன்றைக்கு மூன்றில் ஆள் உண்டு.
நாலாவதில் அரை லிட்டர் பால், இரண்டு பாக்கெட்.
யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பதினொன்று தாண்டினால்
நான் செத்துச் செத்து விளையாடுவேன்.
போனுக்குள் ஒரு வீடு, அறைக்கு அறை பூட்டு.
வீட்டுக்காரிக்குத் தலை இல்லை.
தேடி எடுத்துக் கொடுத்தால்தான்
அவள் நம்மைத் தின்ன முடியும்.
வாய் இல்லாமல் எப்படித் தின்பாள், பாவம்.
அதுதான் அந்த விளையாட்டின் நியாயம்.

மொழி தமிழ் என்று ஒருநாள் தட்டிவிட்டேன்.
அன்றிலிருந்து இப்படிப் பேசுகிறது:
"தயவுசெய்து உங்கள் குடலை எடுத்துச் செல்லுங்கள்."
"நீங்கள் வெற்றிகரமாக இறந்துவிட்டீர்கள்."
"பேய் உங்களை விரும்பியதா? நட்சத்திரம் இடவும்."

முதல் அறையில் பல்லை எண்ணிப் போட்டால் திறக்கும் பெட்டி.
மூன்றாவதில் கடிகாரத்துக்கு முள் கிடையாது, விரல்.
யாருடையது என்று கேட்காமல் மாட்டினால் மணி அடிக்கும்.
ஐந்தில் ஒரு மாமனார், இடுப்புவரைதான்,
சுவரில் தொங்கிக்கொண்டு விடுகதை போடுவார்.
தப்பாய்ச் சொன்னால் அழுவார்.
அவர் அழுதால் நான் சாவேன்.

ஏழில் மாட்டிப் பதினோரு நாள்.
நாலு இழுப்பறை. ஒன்றில் தலை.
பின்னால் அவள் வருகிற சத்தம்,
ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல.
ஒன்றை இழுத்தேன், செத்தேன். இரண்டு, செத்தேன்.
மூன்று. நாலு. நாலிலிருந்து திரும்பி ஒன்று.
"நீங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு முறை இறந்துள்ளீர்கள்.
நண்பர்களை அழைக்கவும்!"

சவம், என்றேன்.
வாய்தவறித்தான்.
பணிநேரத்தில் அந்த வார்த்தை கூடாதென்று
சூப்பர்வைசர் எழுதியே ஒட்டியிருக்கிறார்.

பெஞ்சில் இருந்தவர் நிமிர்ந்தார்.
கிளீட்டஸ், குறும்பனைக்காரர்.
மூன்றாம் பெட்டி அவருக்குத் தம்பி.
ஆதாரில் ததேயு, ஆஸ்பத்திரிச் சீட்டில் தாதேயு.
ஒரு கால் கூடிப்போய்விட்டது.
ஒன்பது மணிக்கு கிளார்க் வந்து
அந்தக் காலை வெட்டினால்தான்
தம்பி வெளியே போக முடியும்.

"என்னவாக்கும் பாக்கிய?"
காட்டினேன். நகர்ந்து பக்கத்தில் இருந்தார்.
அவருக்காக ஒரு தடவை செத்துக் காட்டினேன்.
இன்னொரு தடவை.
மூன்றாவதில் என் முழங்கையைத் தட்டினார்.
"நீ என்னத்துக்கு மக்களே எல்லாத்தையும் தொறக்க?
அது அவளுக்க தலையாக்கும்.
எங்க வச்சான்னு அவளுக்குத் தெரியாதா?
கைய எடு."

எடுத்தேன்.
வந்தாள். எனக்குப் பின்னால் நின்றாள்.
கொஞ்சம் நேரம் அப்படியே நின்றாள்.
பிறகு என்னைத் தாண்டிப் போய்
இரண்டாவது இழுப்பறையைத் திறந்து
தலையை எடுத்து வைத்துக்கொண்டு
இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள்,
கடையில் கம்மல் போட்டுப் பார்ப்பவள் மாதிரி.
"வாழ்த்துகள். நீங்கள் எதுவும் செய்யவில்லை."

கிளீட்டஸ் சிரித்த சிரிப்பில்
படிக்கட்டிலிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.
சிரிப்பு நிற்கவில்லை.
நடுவில் எங்கேயோ அது சிரிப்பாக இல்லாமல் போனது.
நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
டீ போட்டேன்.
பால் எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை.

மூன்றரை மணி இருக்கும்.
"அடுத்த அறை உண்டா?"
உண்டு. நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டணும்.
இல்லாட்டி ஒரு விளம்பரம் பாக்கணும், முப்பது விநாடி.
"போடு."

மஞ்சள் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி வந்து
ஐந்தே நிமிடத்தில் கடன் என்றாள்,
எந்தக் காகிதமும் தேவையில்லை என்றாள்.
இரண்டுபேரும் கண்ணெடுக்காமல்
கடைசிவரை பார்த்தோம்.