கரையில் இருப்பவன்

காலை ஏழு மணிக்கே
காற்றுத்தடுப்புத் துணிகளை மணலில் அறைந்து
ஊஸ்த்காவின் கடற்கரையை ஜனங்கள் பங்கு போட்டாயிற்று.
எங்கள் பங்கு, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்
நீலமும் வெள்ளையுமாய் நாலு முழம்.

போஷேனா வாஃபிள் வரிசையில் நிற்கிறாள்.
க்ரீம் இல்லாமல் ஒன்றுக்கு முப்பத்தெட்டு கிராம் மாவுச்சத்து.
வீட்டுத் தராசை விடுமுறைக்கும் தூக்கி வருகிறவள் அவள்.
வரிசை நகரவில்லை.

யாக்னாவுக்கு அதுவரை பொறுக்காது.
பதினைந்து வயது.
எழுந்து எனக்கு முதுகு காட்டி
இடுப்பருகே ஒரு சொடுக்கு.
குழாய் கழன்றது.
தூக்கத்திலும் கழற்றாத அந்த பம்ப்பை,
அம்மாவைத் தவிர யாரிடமும் தராததை,
என்னிடம் நீட்டினாள்.

"வெயில் படக்கூடாது. மணல் படக்கூடாது.
நாற்பது நிமிஷம்."
நாலடி போய்த் திரும்பி,
"எதையும் அழுத்தாதீங்க, விட்டோல்ட்."

சீட்டுக்கட்டு அளவுதான்.
அவள் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

உறைந்த தண்ணீர் பாட்டிலை
என் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து
அதன்மேல் துண்டு, துண்டின்மேல் பம்ப்.
இன்சுலின் காயவும் கூடாதாம், உறையவும் கூடாதாம்.
வெயில் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்,
என் நிழல் அதன்மேல் இருக்கும்படி.
முதுகு எரிந்தது. எரியட்டும்.

கைபேசியில் கடைசியாக வந்தது
நூற்றுப் பன்னிரண்டு,
கீழ்நோக்கிச் சாய்ந்த ஓர் அம்பு.
அப்புறம் அவள் தண்ணீருக்குள் போனாள்.
சிக்னல் இல்லை என்றது திரை.
தோளில் ஒட்டிய சென்சார் சொல்வதை எல்லாம்
பால்டிக் கடல் கேட்டுவிட்டு
தானே வைத்துக்கொண்டது.

ஆகவே எண்ணை விட்டு
தலையைப் பார்க்கத் தொடங்கினேன்.
மூன்றாம் அலையில் ஒரு தலை.
இல்லை, அது வேறு யாருடையதோ.
அதோ.

இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்.
எனக்குத் தெரிந்தது கொஞ்சம்:
சர்க்கரை இறங்கினால் அவளுக்குக் கை நடுங்கும்,
அதற்கும் முன்னால் கோபம் வரும்.
மே மாதம் என்மேல் ஒரு கரண்டி பறந்தது.
எறிந்தது அவளில்லை, ஐம்பத்துநாலு
என்று போஷேனா பிற்பாடு சொன்னாள்,
காது வீங்கியபிறகு.

முப்பத்தோராவது நிமிடம்
அலைக்கு நடுவே ஒரு கை உயர்ந்தது.
விளையாட்டா, அழைப்பா?
கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கைதான்.

கால்சட்டையோடு ஓடினேன்.
தண்ணீர் முழங்காலில் வெட்டியது, தொடையில் வெட்டியது,
இடுப்புக்கு வந்தபோது மூச்சு நின்றது.
வலக்கையில் ஆப்பிள் ஜூஸ்.
இடக்கையில்,
எங்கே வைப்பதென்று தெரியாமல், பம்ப்.
இரண்டு கையும் தலைக்குமேலே,
சரணடைய வந்தவன்போல.

"உங்களுக்கு அறிவிருக்கா?
அதைப் போய்க் கடலுக்குள்ள தூக்கிட்டு வருவாங்களா?
அலை அடிச்சா? விழுந்தா?
என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

பந்து விளையாடிய ஒரு குடும்பம் பந்தை நிறுத்திப் பார்த்தது.
நான் ஸ்ட்ராவை நீட்டினேன்.
"எனக்கு ஒண்ணுமில்ல!
அங்க ஒரு பொண்ணு, தெரிஞ்சவ, கை காட்டினேன்!"

உதடு நீலம். கண் சிவப்பு.
இது எந்த எண் என்று எனக்குத் தெரியவில்லை.
கரைவரை திட்டிக்கொண்டே வந்தாள்,
என் கைகள் அப்போதும் மேலேதான் இருந்தன.

துண்டருகே கைபேசி விழித்துக்கொண்டது.
கடலுக்குள் விட்டுப்போன நிமிடங்களுக்கும் சேர்த்து
ஒவ்வொன்றாய்ப் புள்ளி வைத்தது.
நூற்று மூன்று.
அம்பு, மேசைமேல் வைத்த கத்திபோல் நேராக.

அப்படியானால்
என்னைத் திட்டியது அவளேதான்.
முழுக்க முழுக்க அவள்.

அவள் மணல் தட்டி, துடைத்து,
சொடுக்கி மாட்டிக்கொள்கிறாள். இன்னும் முறைப்பு.
தூரத்தில் மூன்று வாஃபிளோடு போஷேனா,
காற்றில் க்ரீம் பறக்க.

க்ரீம் வேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தாள்.
யாக்னா மனக்கணக்குப் போடத் தொடங்குகிறாள்.
நான் ஜூஸை உறிஞ்சுகிறேன்.
முதுகில் கை வைக்க முடியவில்லை.