அவிழ்க்கும் நார்

மார்ச் பிறந்து பதினொரு நாள்.
ரங்காகுவாவுக்குத் தெற்கே
உலர்த்தும் கூடங்களில் இரவிலும் சூடு அணைவதில்லை.
கறுத்துச் சுருங்கி பெல்ட்டில் வருகின்றன பிளம்கள்.
வெடித்தது இடப்பக்கம்.
புழு விழுந்தது தொட்டிக்கு.
நல்லது போலந்துக்கு,
அதைவிட நல்லது ஜெர்மனிக்கு.
நார்ச்சத்து என்று
எனக்குப் படிக்கத் தெரியாத மொழிகளில் அச்சிட்ட பைகளை
நான்தான் ஒட்டி மூடுகிறேன்.

வீட்டில் நவூவேலுக்கு
இன்றோடு ஐந்து நாள்.

சுவரில் முதுகை அழுத்தி,
கால்களைப் பின்னிக்கொண்டு
நுனிவிரலில் நிற்கிறான்.
ஆடப் பழகுகிறான் போல, என்றாள் பக்கத்து வீட்டு மிர்த்தா.
முதல் இரண்டு நாள் நானும் சிரித்தேன்.
இப்போது அவன் வயிற்றைத் தொட்டால்
என் கை பின்வாங்குகிறது.

என்ன சாப்பிடுகிறான், என்றாள் நர்ஸ் ஒடெட்.
ரொட்டி.
அப்புறம்?
வெண்ணெய் தடவிய ரொட்டி.
நூடுல்ஸ். பால். ராத்திரிக்கு மறுபடி ரொட்டி.
சொல்லச் சொல்ல எல்லாமே வெள்ளையாக இருந்தது
அவள் கோட்டைப் போல.

பழைய ரசீதின் பின்புறம் ஒரு குடல் வரைந்தாள்.
நார் அங்கே போய்த் தண்ணீரைப் பிடித்துவைக்குமாம்,
கல்லாக விடாதாம்.
ஆனால் ஒரே நாளில் அள்ளிக் கொட்டாதே, என்றாள்,
தண்ணீர் இல்லாத நார் இன்னும் இறுக்கும்.
நார் என்றால் கட்டத்தான் என்றிருந்தேன்.
சிக்கலை அவிழ்க்கவும் ஒரு நார் இருக்கிறது,
அதைத்தான் இத்தனை வருஷம்
கிலோ கிலோவாகக் கப்பலேற்றியிருக்கிறேன்.

பிறகு அவள் குனிந்து, என்னிடம் அல்ல, அவனிடம்:
பள்ளிக்கூடத்துக் கழிவறை எப்படி இருக்கும்?

வெகுநேரம் ஷூவைப் பார்த்தான்.
"தாழ்ப்பாள் இல்லை."

பள்ளி திறந்த நாளிலிருந்து
இந்தக் குழந்தை
தானே தாழ்ப்பாளாக இருந்திருக்கிறது.

கேட்டில் எங்கள் பைகளைச் சோதிப்பார்கள்,
ஏப்ரனைச் சோதிப்பதில்லை.
ஏழு பிளம், எல்லாம் வெடித்தவை.
இரவு ஒரு டம்ளரில் ஊறின.
காலையில் தண்ணீர் தேநீர் நிறம்.
பூசணி போட்டு வேகவைத்த அவரையை
தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி எண்ணினான்,
பதினாறு இருந்தது, மூன்று தின்றான்.
சரி, மூன்று.
அடுத்த நாள் நான்கு,
அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை, ஒரே அழுகை,
மருந்துப் பொடியை அவன் தலையணைமேல் துப்பினான்,
நானும் கத்தினேன். அதைச் சொல்லாமல் விட முடியாது.

வியாழன் மதியம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு
இரும்புக் கடையில் ஒரு தாழ்ப்பாளும்
நான்கு திருகாணியும் வாங்கினேன்.
ஆசிரியை அனுமதிக் கடிதம் கேட்டார்.
தருகிறேன், என்று சொல்லிக்கொண்டே திருகினேன்,
அவன் கைக்கு எட்டும் உயரத்தில்.
ஒன்றை அடைத்தால்தான்
இன்னொன்று திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்.
கதவுக்கு வெளியே தரையில் நான்.
உள்ளே முணுமுணுப்பு. மௌனம்.
"அம்மா, வராதே."
வரவில்லை, என்றேன்,
மூச்சைக்கூட வரவிடவில்லை.

பிறகு கூப்பிட்டான், பார்க்க.
முக்காலிமேல் நின்றபடி
சுழன்று இறங்கும் தண்ணீருக்குக் கையசைத்தான்,
போய் வா, போய் வா என்று,
நல்ல சரக்கைக்
கப்பலேற்றி அனுப்புகிறவனைப் போல.