வருத்தம்

எக்ஸ்ரே வண்டியை ரேஷன் கடைக்குப் பின்னால் நிறுத்தினோம்.
ஜெனரேட்டர் போட்டதும் முகாமின் கோழிகள் சிதறின.
சேர்வராயன் மலை இன்னும் மூடுபனிக்குள்ளேயே இருந்தது.
மண்டபத்திலிருந்து போன வாரம் வந்த பதினோரு பேர்,
வரிசை பழகியவர்கள்,
முன்னால் நிற்பவரின் பிடரியைப் பார்த்தபடி நின்றார்கள்.

மூச்சை இழுத்துப் பிடிங்க என்றால்
சின்னதுகள் கன்னத்தை உப்புகின்றன.
ஒருத்தி மட்டும் இழுத்த மூச்சை
கதவு திறந்த பிறகும் விடவில்லை.
படகில் அப்படித்தான் வந்தார்களாம்,
நேவி விளக்கு அந்தப் பக்கம் திரும்பும் வரை.

டப்பாவின் மேல் மார்க்கரில் ரெஜினா என்று எழுதினேன்.
"சின்ன ர இல்லை அக்கா, பெரிய ற."
எச்சில் வேண்டாம், விடிந்ததும்
நெஞ்சின் அடியிலிருந்து காறி எடுத்த சளி,
வெளியே போய், காற்றுள்ள பக்கம் திரும்பி,
என்று தினம் நாற்பது முறை சொல்வதைச் சொன்னேன்.
அவள் கேட்டாள்: "எனக்கு என்ன வருத்தம்?"

அதை நானா சொல்ல வேண்டும்?
பேசாலையில் விட்டு வந்த வீட்டைச் சொல்லவா,
இந்தப் பத்துக்குப் பத்தைச் சொல்லவா?
நான் முழிப்பதைப் பார்த்து
பழைய ஆள் ஸ்டெல்லா சிரித்தாள்:
"நோயைத்தான் மேடம் அப்பிடிச் சொல்றது.
முப்பது வருசத்துல எங்களுக்கே உங்க பேச்சு வந்துட்டுது."

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியிலிருந்து முடிவு.
வலது நுரையீரல் மேல்பக்கம் ஒரு வெள்ளை,
செட்டிச்சாவடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது
வெள்ளைக்கல் மேடு தெரியுமே, அந்த மாதிரி.
இருமலைப் பற்றி அவள் கேட்கவில்லை.
"திருப்பி அனுப்பிப் போடுவினமோ?"
மாட்டாங்க என்றேன்.
அந்த வாக்கைக் கொடுக்க நான் யார்?
மாத்திரைக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறவள்.

முப்பத்தெட்டு கிலோ. காலையில் வெறும் வயிற்றில் மூன்று.
சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதே என்றேன்.
அவளுக்குப் பயம் நிறத்தில் இல்லை, பொதுக் கழிப்பறையில்.
எவள் கண்ணிலாவது பட்டுவிடும் என்று
தண்ணீர் வராத நாளிலும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றினாள்.

சத்துணவுப் பணத்துக்குக் கணினி ஆதார் கேட்டது.
பன்னிரண்டு கட்டம்.
அவளிடம் ஒரு போட்டோவும் முகாம் எண்ணும் இருந்தன.
டாக்டர் பெருந்தேவி பர்ஸைத் திறந்தார்,
முட்டைக்கு, கணக்கில் ஏற்றாதே என்றார்.

மாதம் இரண்டு தடவை ஆர்.ஐ. வந்து தலைகளை எண்ணுவார்.
வாரம் ஒருமுறை நான் வந்து காலி அட்டைகளை எண்ணுவேன்.
மூன்றாம் மாதம் இரண்டு கணக்கிலும் அவள் இல்லை.
ஜவ்வரிசி மில்லில் விசாரித்தேன்,
வெயிலில் காயும் வெள்ளைக்கு நடுவே
கால்தடம் மாதிரி ஒருத்தி சொன்னாள், தெரியாது என்று.
போன் அணைந்திருந்தது.
தொடர்பு அறுந்தவர் என்று எழுத என் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
அதை நான் பென்சிலால்கூடத் தொடவில்லை.

ஆறாம் நாள், ராமேஸ்வரத்து ரீசார்ஜ் கடை எண்ணிலிருந்து:
"அக்கா, தங்கச்சி வந்திட்டாள்.
மணல்திட்டில இறக்கிப்போட்டுப் படகுக்காரன் போயிட்டான்.
விடிய விடியத் தண்ணிக்குள்ள நிண்டிருக்கிறாள்.
குளிசையை நான் விடேல்லை.
நாளையோட முடியுது."

மண்டபத்தில் என் வேலையைப் பார்க்கும் சகுபரை அழைத்தேன்.
நேரில் பார்த்ததில்லை, பயிற்சி வகுப்பின் குரூப்பில் ஓர் எண், அவ்வளவுதான்.
சாயங்காலம் அவர் அனுப்பிய படத்தில்
ஓர் உள்ளங்கை, மூன்று மாத்திரை,
மூலையில் கொஞ்சம் கடல்.

ஆறு மாதம் முடிந்து நாற்பத்துமூன்றரை கிலோ.
"என்ர வருத்தம் மாறிட்டுது" என்றாள்.
மாறுவதென்றால் அவர்களுக்குக் குணமாவது.
தெரிந்தும் என் காது அதைச் சேலத்துப் பேச்சாகவே கேட்டது:
மாறி, வேறு என்னவாக?

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல்,
முந்தானையில் பாதி அமுக்கியது.
புது டப்பா எடுத்தேன். மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றினேன்.
பேரென்ன?
"றீற்றா."
சின்ன ரவா, பெரிய றவா?
"எல்லாம் பெரிசு" என்றாள் அக்காக்காரி.
எழுதி முடித்து,
விடிந்ததும், வெளியே போய், காற்றுள்ள பக்கம் திரும்பி
என்று தொடங்கினேன்.