ஒன்றாம் கோரல்

வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடாது.
பிள்ளை வேண்டி வருகிறவர்கள்
படியேறித்தான் வரவேண்டும்.

பகலில் அங்கே நான் டோக்கன் பதினேழு.
இரவில், கே.டி.சி. நகர் வீட்டில்,
அதே டாக்டரின் காப்புரிமை மனுவுக்கு
வாசகம் எழுதுகிறவள்.

"ஒன்றாம் கோரல்: ஒரு முறை;
அதில் மேற்படி கரு
இரண்டாகவும் நான்காகவும் பிரியும் நேரம் குறிக்கப்பட்டு,
மேற்படி நேரத்தைக் கொண்டு
அது தங்குமா என்பது அறியப்படும்."
மேற்படி, மேற்படி என்று
எத்தனை தடவை தட்டியிருப்பேன்.
மேற்படியில் இரண்டு என்னுடையவை.
தங்கவில்லை.

முப்பிடாதிக்கு மனுவில் பெயரில்லை.
முக்கூடலிலிருந்து முதல் பஸ்சில் வந்து
செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி
மைக்ராஸ்கோப்பில் குனிகிறவள்.
கடிகாரம் சொல்லுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும்.
"எப்பிடிளா?" என்றேன் ஒருநாள்.
"பாத்தாத் தெரியும்லாக்கா.
சிலது மொகத்தத் திருப்பிக்கிடும்."

இதை எந்தக் கோரலில் எழுத?

ஐப்பசி அடைமழையில் கிண்டியிலிருந்து பதில் வந்தது.
சட்டத்தின் மூன்றாம் பிரிவு:
மனித உடலில் நோய் அறியும் முறை
கண்டுபிடிப்பு ஆகாது.
கருவி என்றால் கேட்டுப் பார்க்கலாம்.
பார்த்து அறிவதற்கு
யாரும் வேலி போட முடியாது.

என் கட்சி தோற்றது.
காசு வாங்கியவள், வருந்தியிருக்க வேண்டும்.
கொக்கிரகுளம் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி
செம்மண் கலங்கி ஓடும் ஆற்றையே பார்த்தபடி
நனைந்துகொண்டு நின்றேன்,
யாரோ எதையோ
திருப்பிக் கொடுத்ததுபோல.

டாக்டர் அசரவில்லை.
"முறை வேண்டாம்மா, பெட்டிக்கு எழுது.
கேமரா, வெப்பமானி, உள்ளே ஒரு சாஃப்ட்வேர்."
எழுதினேன், மேற்படி பெட்டி என்று.

இந்த மாத ரசீதில்
'கருக் கண்காணிப்பு, பதினெட்டாயிரம்.'
வேலி போடக் கூடாத இடத்தில்
பில் போடலாம் போல.
கட்டினோம்.
அவர் மோதிரம் இருந்த விரலில்
வெளுத்த தடம் ஒன்று
இன்னும் வெயில் படாமல்.

மூன்றாம் நாள் காலை.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
முப்பிடாதி குனிந்திருக்கிறாள்.
டோக்கன் பதினேழு என்று
யாரோ கூப்பிடுகிறார்கள்.
எழுந்திருக்கவில்லை நான்.
அவள் நிமிரும்போது
மொகத்தத் திருப்பிக்கிடாம இருக்கணும்.