உப்புக் கணக்கு

சோஹார் ஆஸ்பத்திரி, மூன்றாம் அறை.
டாக்டர் இந்திசார் அரபியில் கேட்பதை
ஷைனி சிஸ்டர் மலையாளத்தில் ஊற்ற
நான் தமிழில் குடிக்கிறேன்.
வழியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்கிறது.

போன வருடம் இதே நாற்காலி, வேறு டாக்டர்.
நல்ல மனிதர். சீட்டைக் கிழித்துத் தந்தார்.
ஏன் என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
நான்கு இரவு தூங்காமல்
கிரேன் உச்சியில் ஏறி நின்று
துறைமுகமே என் பெயரில் என்று கத்தியவனுக்குக்
கேள்வி கேட்க என்ன யோக்கியதை?

மாத்திரை கேட்டது. பொய் சொல்லக் கூடாது.
துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
ஆனால் விரல் நடுங்கியது.
நாற்பது டன் பெட்டி தொங்கும் கயிற்றுக்கு
மறுமுனை இந்த விரல்தான்.
ஜூனில் நானாக நிறுத்தினேன்.
ஜூலையில் நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

இந்த அம்மாள் திட்டவில்லை.
“நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்திருக்குமே?”
ஷைனி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.
முதல் முறை என் காது நம்பவில்லை.

கையை மேசைமேல் வைத்தேன். பார்த்தார்.
தண்ணீர் எவ்வளவு?
எட்டு லிட்டர்.
வியர்வை?
கேபின் ஏசி செத்து இரண்டு வருடம்.
சாயங்காலம் சட்டையைக் கழற்றினால்
முதுகில் உப்பு பூத்து, தானாக நிற்கும்.

அவர் பேனா நின்றது.
உடம்பில் உப்பு இறங்கினால்
இந்த மருந்து ரத்தத்தில் ஏறுமாம்.
அவருக்கு மருந்து தெரியும், கேபின் தெரியாது.
கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.
அதிலிருந்த எண்களில் ஒன்று என் ரத்தம்.

இதையே குறைத்து, அடிக்கடி ஊசி குத்திப் பார்க்கலாம்.
அல்லது வேறு மருந்து: தொப்பை போடும், தூக்கம் வரும்,
நடுக்கம் குறையலாம்.
அல்லது ஊருக்கே போய்...
அது டாக்டர் சொன்னதா, ஷைனி சேர்த்ததா,
இன்றுவரை தெரியாது.

“நீங்களே சொல்லுங்க” என்றேன்.
அவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார்.
வெளியே அடுத்த டோக்கன்காரன் இருமினான்.

இரண்டாவது, என்றேன்.
ஆறு வாரம் மேலே ஏற மாட்டேன்,
கீழே நின்று கொடி காட்டுகிறேன்.
ஓவர்டைம் போகும். போகட்டும்.
நடுக்கம் நிற்காவிட்டால்?

“ரெண்டு பேரும் தப்பா யோசிச்சோம்னு
திரும்ப உட்காருவோம்.”

சீட்டில் மாத்திரைப் பெயருக்குக் கீழே
அரபியில் இன்னொரு வரி.
ஷைனி சிரித்துக்கொண்டே படித்தாள்:
கேபின் ஏசியைச் சரிசெய்யவும்.

கம்பெனி செய்யுமோ, செய்யாதோ.
அந்த வரி மட்டும்
நான் சொல்லி எழுதியது.