பட்டுவாடா ஆகாதவை

ஜெர்மன் தளபதி அலுவலகத்தின் பெயரை
எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால்
அனுப்பியவர் ஜெர்மானியர் இல்லை,
எங்கள் ஊர்க்காரர்.
வெர்வியே தபால் நிலையத்தின் பின்னறையில்
நானும் செர்வேயும் முதலில் படித்த பாடம் அது.

நாற்பத்திரண்டு, நவம்பர்.
கம்பளி ஆலைகளில் பாதி நின்றிருந்தன.
ரொட்டியில் மரத்தூள் கடிபட்டது.
கெண்டியில் மட்டும் எந்நேரமும் தண்ணீர் கொதித்தது.
காப்பிக்கு என்று சொல்லிக்கொண்டோம்.
காப்பியைக் கண்ணால் பார்த்தே
இரண்டு வருடம் ஆகியிருந்தது.

உறை வாய் திறக்க நூறு எண்ணவேண்டும்.
தொண்ணூறில் இழுத்தால் கிழியும்.

உள்ளே பெரும்பாலும் அரைப்பக்கம்.
'அந்த வீட்டு மாடியில் இரவில் இருமல் கேட்கிறது.
குடும்பத்தில் யாருக்கும் இருமல் கிடையாது.'
'ரொட்டிக்கடைக்காரரின் மகன்
ஜெர்மனிக்கு வேலைக்குப் போகவில்லை.
மாவு மூட்டைகளுக்குப் பின்னால் பாருங்கள்.'
கீழே பெயர் இருக்காது.
ஒரு நேர்மையான குடிமகன், அவ்வளவுதான்.
நேர்மையானவர்கள் இத்தனை பேர் எங்கள் ஊரில் இருந்ததைப்
போருக்கு முன் நான் அறிந்ததில்லை.

இருமல் கடிதம் அடுப்பில் போனது.
மாவு மூட்டைக் கடிதத்தை இரண்டு நாள் தாமதித்தோம்.
செர்வே சைக்கிளில் போய் ரொட்டி வாங்கி வந்தான்.

எல்லாவற்றையும் எரிக்க முடியாது.
ஒன்றுமே வராவிட்டால் சந்தேகப்படுவார்கள்.
அதனால் சிலவற்றைப் போகவிட்டோம்.
இதை யாரும் எங்களிடம் கேட்பதில்லை.
கோழி பதுக்கியவர், வானொலி கேட்டவர்,
மூன்று மாதச் சிறை, உயிர் மிஞ்சும்
என்று நாங்களே கணக்குப் போட்டோம்.
முடிதிருத்தும் லாம்பேர் ரெனியே விஷயத்தில்
கணக்குத் தப்பியது.
வானொலிதான் வைத்திருந்தார்.
திரும்பி வரவில்லை.

பத்து வருடம் தபால் பிரித்தவளுக்கு
முகங்களைவிடக் கையெழுத்துகள் பழக்கம்.
ஏழு என்ற எண்ணின் இடுப்பில்
இரண்டு கோடு போடுபவர்
ஊரில் ஒருவர்தான், தையற்கடை மாதாம் தெல்சோ.
என் கல்யாண உடையின் ரசீதில்
ஏழு மீட்டர் துணி என்று எழுதிய கை.
மறுநாள் காலை அந்தக் கையில்
தபால்தலையை வைத்து, சில்லறையை எண்ணிக் கொடுத்து
'பனி அதிகம், இல்லையா மாதாம்' என்றேன்.
ஆவியில் விரல் வெந்தது ஒன்றுமில்லை.
இதுதான் பொறுக்க முடியாதது.

ஒருவர் கையெழுத்து
இன்னொருவர் தலையெழுத்து.
நடுவில் ஒரு கெண்டி.

மார்ச்சில் ஒரு சாம்பல் நிற உறை வந்தது.
'தபால் நிலையத்தில் கடிதங்கள் காணாமல் போகின்றன.
ஹூபெர்டின் என்பவளையும்
பின்னறைக் கெண்டியையும் கவனிக்கவும்.
வியாழக்கிழமை சோதனை நல்லது.'
செர்வே சுவரைப் பிடித்துக்கொண்டான்.
நான் எழுத்தைப் பார்த்தேன்.
பதினொரு வருடமாக
என் விடுப்பு விண்ணப்பங்களில்
'மறுக்கப்பட்டது' என்று எழுதிவந்த அதே எழுத்து.
மேலதிகாரி முசே பிரோனே.

எங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும் என்று தெரிந்தே
தபால்பெட்டியில் போட்டிருக்கிறார்.
தலைக்கு உரிய காசும் கொடுத்து வாங்கியிருக்கிறார்.
ஒரு நேர்மையான குடிமகன் என்று
கீழே எழுதியிருந்தது.

புதன்கிழமை இரவே கெண்டி ஆற்றில் போனது.
வியாழக்கிழமை நான்கு சிப்பாய்கள்
அலமாரிகளைக் கவிழ்த்தார்கள்.
முசே பிரோனே பூட்ஸ் தடங்களைக் காட்டி
தரையைத் துடைக்கச் சொன்னார் என்னை.
சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
விடுப்பும் கொடுக்கவில்லை.

செப்டம்பரில் கொடிகள் ஏறின, மணிகள் அடித்தன.
பெயர்ப்பட்டியல் கேட்டு இருவர் வந்தார்கள்.
செர்வே கொடுத்தான்.
நான், எழுத்து புரியவில்லை என்றேன்.
அதன்பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.
ரெனியேயின் மனைவி மட்டும்
பட்டியல் வேண்டாம் என்றாள்.
கடிதம் எந்தக் கிழமை போனது என்று கேட்டாள்.
சொன்னேன்.

நேற்று மாதாம் தெல்சோ கவுண்டருக்கு வந்தார்.
அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை,
அந்த உறையை நான் செர்வேயிடம் காட்டியதே இல்லை.
லீய்ஜில் இருக்கும் மகளுக்குப் பதிவுத் தபால்.
வீட்டு எண்ணில் ஒரு ஏழு.
'நிச்சயமாகப் போய்ச் சேருமா?' என்றார்.
'சேரும் மாதாம்' என்று
முத்திரை குத்தினேன்.